மாப்பிள்ளை ஊர்வலத்தில் கொதித்த கார்

நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்குவதற்காக வாத்தியத்தை உதட்டிலிருந்து எடுத்த நேரத்தில்தான் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. உலையில் வைத்த பானையின் மூடி தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். மறுபடி தவில் விழுந்து அதை மூடிவிட்டது.

வடலூர் கடைத்தெரு. கார்த்திகை மாதத்து அந்தி நேரம். இரண்டு பக்கமும் காஸ் லைட் தூக்கிக்கொண்டு ஆட்கள் நடந்தார்கள். நடுவில் என் கார். இரண்டே பேர் உட்காரக்கூடிய, மேல்கூரையை மடித்துவிடக்கூடிய, வேகமாக ஓடுவதற்கென்றே செய்த பச்சைக் கார். ஊரெல்லாம் பார்க்க வேண்டும் என்பதற்காக மாப்பிள்ளையை சீட்டின் முதுகு மேலேயே ஏற்றி உட்கார வைத்திருந்தார்கள். அவர் கால் இரண்டும் தோல் சீட்டின் மேல் இருந்தன. பட்டு வேட்டி, கழுத்து நிறைய மாலை.

நான் பக்கத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, சூடு காட்டும் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி எப்போதோ போயிருந்தது. காலுக்குக் கீழே தகரம் சுட்டது.

அந்த ஊர்வலம் ஒழுங்காக முடிந்தால் கார் விற்றுப்போகும். கார் விற்றால் நாங்கள் குடியிருந்த வடக்குத்தில் என் மனைவிக்கு ஒரு மனை கிடைக்கும். மனைக்காரர் மார்கழி கடைசி வரைதான் தவணை தந்திருந்தார். தை பிறந்தால் வேறு ஆளுக்கு.

கல்யாண மண்டபத்துக்கு இன்னும் இரண்டு தெரு இருந்தது.

மரங்கள் போன வழி

போன இதழில் சுரங்க வேலையைப் பற்றி எழுதும்போது, 'அப்போது என்னிடம் ஒரு கார் இருந்தது' என்று பேச்சுவாக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். ஹெல்பராக இருந்தவனுக்கு ஏது கார் என்று சிலர் கடிதம் போட்டுவிட்டார்கள். இதைச் சொல்லாமலே விட்டுவிட நினைத்திருந்தேன். இனி முடியாது.

நிலக்கரிச் சுரங்கத்துக்காக எங்கள் ஊரை எடுத்தபோது எங்களுக்கென்று இருந்தது ஒரு கூரை வீடு, அதை ஒட்டிய கொல்லை, அதில் ஒரு பலா மரம், நான்கு முந்திரி மரங்கள். வயல் எதுவும் கிடையாது. அதிகாரிகள் வந்து மரத்துக்கு மரம் சுண்ணாம்பால் நம்பர் போட்டுவிட்டுப் போனார்கள். வீட்டுக்குத் தனியாகப் பணம் வந்தது, மரங்களுக்குத் தனியாக வந்தது.

நாங்கள் வடக்குத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். எனக்குச் சுரங்கத்தின் வண்டிப் பட்டறையில் ஹெல்பர் வேலை கிடைத்தது. பர்மனென்ட் ஆகவில்லை. என் மனைவி அஞ்சலை அந்தப் பணத்தை இரண்டு முடிச்சாகப் போட்டு வைத்திருந்தாள். இரண்டும் மனைக்கு.

அந்தச் சமயத்தில் சுரங்கத்துக்கு யோசனை சொல்ல வந்திருந்த ஓர் இங்கிலீஷ்கார இன்ஜினீயர் ஊருக்குத் திரும்பப் போவதாக இருந்தார். தொரை என்றுதான் எல்லோரும் சொல்வோம். அவருடைய காரை ஞாயிற்றுக்கிழமைகளில் கழுவித் துடைப்பது என் வேலை. பட்டறைக் காம்பவுண்டுக்குள் ஓட்டவும் கற்றுக்கொடுத்திருந்தார். பிறகு லைசென்ஸும் எடுத்துவிட்டேன்.

போவதற்கு ஒரு வாரம் முன்பு அவர் என்னைக் கூப்பிட்டார். "கோவிந்த், கார் நீ எடு. வேற ஆளு கெடுத்துடும்" என்றார். விலையும் சொன்னார். எங்கள் வீட்டுக்கு வந்த பணத்துக்குப் பக்கத்தில் இருந்தது அந்த விலை.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கடையில் சில்லறை குறைவாகக் கொடுத்தால்கூட வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். ஆனால் முழுப் பழியையும் கூச்சத்தின் மேல் போடுவது நியாயமில்லை. எனக்கு அந்தக் கார் வேண்டும் என்று இருந்தது. ஓர் இடத்தில் உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கிற ஆள் நான். அந்தக் காரில் உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்த பிறகுதான் என் கால் ஒரு வேலையைக் கண்டுபிடித்து அடங்கியது.

அஞ்சலையிடம் சொல்லாமலே வீட்டுப் பண முடிச்சை எடுத்துத் தொரையிடம் கொடுத்துவிட்டு, காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினேன். அஞ்சலை கையில் இருந்த முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"இது யாருது?"

"நம்முளுது."

அவள் காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள்.

"ரெண்டு பேருதான் குந்த முடியும்போல. வூட்டுல அடுப்பு வைக்கவே எடமில்ல, இத எங்க வைக்கப் போற?"

நான் சாவியைச் சட்டைப் பையில் போட்டேன்.

"வூட்டுப் பணத்த குடுத்து கூரையில்லாத வண்டி வாங்கிக்கினு வந்திருக்குற. சரி. எம் பேருல மனை வர்ற வரைக்கும் நான் இதுல குந்த மாட்டேன் மாமா. சொல்லிட்டேன்."

சொன்னபடியே இருந்தாள். அவளுடைய அம்மா வீட்டுக்குப் போகும்போது நான் காரில் போவேன், அவள் பஸ்ஸில் வருவாள். பக்கத்து சீட்டில் அவளுடைய துணி மூட்டை மட்டும் வரும்.

வாங்கியது ஒரு தடவை

காரை வாங்குவது ஒரு தடவையோடு முடிந்தது. அதை வைத்துக்கொள்வதற்கு மாதாமாதம் திரும்பத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா தெரியாது.

முதலில் டயர். கம்பிச் சக்கரத்தின் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்து டியூபைக் குத்தும். முந்தின நாள் ஒட்டிய டியூப் மறுநாள் காலையில் தரையோடு படுத்திருக்கும். அந்த அளவு டயர் லாரிக்கும் ஆகாது, மற்ற கார்களுக்கும் ஆகாது. சென்னையிலிருந்துதான் வர வேண்டும். இரண்டு டயருக்குப் பலா மரத்துக்கு வந்த பணம் போயிற்று.

"பலா மரம் உருண்டுக்கினு போவுது பாரு" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் அஞ்சலை கையைக் காட்டிச் சொன்னாள். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னாள்.

அப்புறம் பேட்டரிக்கு ஒரு முந்திரி மரம். கிளட்ச் தட்டுக்கு ஒன்று. ஒவ்வொரு தடவையும் அவளிடம் போய் நிற்பேன். "இது ஒண்ணு போட்டா ஓடும். ஓடுனா வித்துடலாம். ஓடாத வண்டிய எவன் வாங்குவான்?" என்பேன். அதில் நியாயம் இருந்தது. அதனால்தான் அவள் முடிச்சை அவிழ்த்தாள். அவிழ்க்கும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

அந்த எஞ்சினுக்குக் கார்புரேட்டர் இரண்டு. இரண்டும் ஒரே அளவாகக் காற்று இழுக்க வேண்டும். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையை அதன் வாயில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துச் சத்தத்தை ஒத்துப்பார்க்க வேண்டும் என்று தொரை காட்டிக்கொடுத்திருந்தார். ஷிப்ட் முடிந்து வந்ததும் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ஒன்றைச் சரி செய்தால் மற்றது மாறும். சாப்பிடும்போதும் காதுக்குள் அந்த இழுப்புச் சத்தம் இருக்கும். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓடுகிற பக்கம் போனால், இதில் எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று காது தானாகத் தேட ஆரம்பித்துவிடும்.

ஒருமுறை ஒரு சின்ன சாமானுக்காகச் சென்னைக்கு ரயிலேறிப் போனேன். உதிரி சாமான் கடையில் கூட்டம். எல்லோரும் எட்டிக் கையை நீட்டி வாங்கிக்கொண்டிருந்தார்கள். நான் பழைய சாமானைக் காகிதத்தில் சுற்றி வைத்துக்கொண்டு பின்னால் நின்றேன். சாப்பாட்டு நேரத்தில் கடையைச் சாத்தினார்கள், திறந்தார்கள், நான் அங்கேயே நின்றேன். கடைசியில் கடைக்காரரே கூப்பிட்டு, நான் காட்டியதைப் பார்த்துவிட்டு வேறு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அது பொருந்தாது என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. பணம் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பட்டறையில் கேட்டிருந்தால் யாராவது உதவியிருப்பார்கள். அங்கேதான் எனக்கு வாயே திறக்காது. ஆபீசர்களே சைக்கிளில் வரும் இடத்தில் ஹெல்பருக்குக் கார் என்றால் எப்படி இருக்கும். நானும் சைக்கிளில்தான் வேலைக்குப் போவேன். ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் ஃபோர்மேன் சங்கரலிங்கம் திருநெல்வேலிக்காரர். நல்ல மனிதர், நாக்குதான் கொஞ்சம் நீளம்.

"ஏய் கோவிந்தா, பர்மனென்ட் லிஸ்ட் போடுதாங்க. உம்பேர எழுதவா, இல்ல கார் வச்சிருக்கவனுக்கு வேலை எதுக்குன்னு விட்டுறவா?"

பட்டறையே சிரிக்கும். நானும் சிரித்து வைப்பேன். அன்று ஷிப்ட் முடியும்வரை யார் முகத்தையும் பார்க்க மாட்டேன்.

எட்டு மில்லி போல்ட்

எஞ்சினுக்குத் தண்ணீரைச் சுற்றிவிடும் பம்ப் ஒன்று உண்டு. அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் ஒன்று எங்கோ விழுந்துவிட்டது.

எங்கள் சுரங்க மெஷின்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. அங்கே எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. பத்து, பதிமூன்று, பதினேழு என்று ஸ்பானரில் முழு எண்ணாகப் போட்டிருக்கும். என் காரோ இங்கிலீஷ் கார், அது அங்குலக் கணக்கு. ஸ்பானரில் ஒரு எண்ணின் தலையில் இன்னொரு எண் உட்கார்ந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் பின்னம் சொல்லிக்கொடுப்பதற்குள் என் படிப்பு முடிந்துவிட்டது. அதனால் அந்த ஸ்பானர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

பட்டறைக் கழிவில் கிடந்த எட்டு மில்லி போல்ட் ஒன்று கண்ணுக்கு அதே அளவாகத் தெரிந்தது. ஓட்டையில் வைத்துச் சுற்றினேன். இரண்டு சுற்று சுலபமாகப் போயிற்று. மூன்றாவதில் முரண்டு பிடித்தது. பலம் கொடுத்துத் திருப்பினேன். நன்றாக இறுகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். ஓட்டைக்கு உள்ளே இருந்த திருகு மரையைத் தின்றுகொண்டு சிக்கி நின்றிருக்கிறது. அது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து தண்ணீர் கசிந்தது. வேகமாக ஓட்டினால் காற்று அடித்துச் சமாளித்துக்கொள்ளும். மெதுவாகப் போனால் சூடேறும். ஒரு லாரி டிரைவர், ரேடியேட்டரில் மஞ்சள் தூளைப் போட்டால் கசிவு அடைபடும் என்றார். போட்டேன். கொஞ்சம் அடைபட்டது. அதிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது.

"கொழம்புக்கு மஞ்சத் தூள் இல்ல, காருக்கு இருக்குது" என்றாள் அஞ்சலை. "அதுக்கு ஒரு பொட்டும் வச்சி வுட்டுடு."

நடக்கிற வேகம்

நெல்லிக்குப்பத்தில் வீராசாமி என்பவர் கல்யாணத்துக்கு காஸ் லைட், நாற்காலி, ஜமக்காளம் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். திறந்த கார் ஒன்று வடக்குத்தில் நிற்பதைக் கேள்விப்பட்டு வந்தார். அவர் மூலமாக மூன்று மாப்பிள்ளை ஊர்வலங்களுக்குக் காரை ஓட்டினேன். மூன்றும் சின்னத் தெருக்கள். வந்த வாடகை பெட்ரோலுக்கும் டியூபுக்கும் சரியாகப் போயிற்று.

நான்காவதுதான் இந்த வடலூர் ஊர்வலம். கரும்புக்காரர் வீட்டுக் கல்யாணம். புறப்படும் முன் வீராசாமி என் தோளைத் தட்டிச் சொன்னார்.

"இந்தாப்பா, இன்னிக்கி இது மொறயா போய்ச் சேந்துச்சின்னா நாளைக்கே நான் வாங்கிக்கிறேன். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் உங்கிட்ட வாடகைக்குக் கேட்டுக்கினு இருக்க முடியாது."

ஒரு மணி நேரம் ஆள் நடக்கிற வேகத்தில் போனோம். நாலு வீட்டுக்கு ஒரு தடவை நிறுத்தி ஆரத்தி எடுத்தார்கள். நாதஸ்வரக்காரர் ஒவ்வொரு முச்சந்தியிலும் நின்று ஒரு முழு உருப்படி வாசித்தார். அவர் நிற்க நிற்க என் முள் ஏறியது. மண்டபத்துக்கு இரண்டு தெரு இருக்கும்போது பானட்டிலிருந்து ஆவி கிளம்பி, எஞ்சின் இரண்டு தடவை உதறிவிட்டு நின்றுபோயிற்று.

வாத்தியம் நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

வீராசாமி முன்னால் ஓடிவந்து பானட்டைத் தூக்கினார். "மூடியத் தொறந்து தண்ணிய ஊத்துப்பா. ஏன் பாத்துக்கினு நிக்குற?"

கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. ஹெல்பராகச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் அது. 'கூடாதுங்க' என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டும். அத்தனை காஸ் லைட் வெளிச்சத்தில், அத்தனை பேர் பார்க்க, அது எனக்கு வரவில்லை. துண்டை மடித்து மூடியின் மேல் வைத்துத் திருகினேன்.

மஞ்சள் தண்ணீர் ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பியது. என் கையைப் பொசுக்கிவிட்டு, கண்ணாடியைத் தாண்டி, காற்றில் ஆறி, மழைத் தூறல் மாதிரி மாப்பிள்ளையின் மேல் விழுந்தது. பட்டு வேட்டி, சட்டை, நெற்றி எல்லாம் மஞ்சள்.

மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவர் கன்னத்தை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தாள்.

"அடியே, நெஜமான மஞ்சத் தண்ணிதாண்டி" என்றாள். "தாலி கட்டுறதுக்கு முன்னாடியே ஊத்திட்டாளே, யாருடா இந்த மொறப்பொண்ணு?"

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்தில் முறைப்பெண்கள் மாப்பிள்ளை மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடுவது வழக்கம். மாப்பிள்ளையும் வேட்டியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கரும்புக்காரர் கையை ஆட்டினார். "நல்ல சகுனம்தான். தள்ளுங்கப்பா."

பத்து இளவட்டங்கள் பின்னால் கை கொடுத்தார்கள். கார் நகர்ந்தது. எஞ்சின் சத்தம் இல்லை, புகை இல்லை. நாதஸ்வரம் சுத்தமாகக் கேட்டது. நாதஸ்வரக்காரர் நின்ற இடத்தில் கார் நின்றது, அவர் நகர்ந்தபோது நகர்ந்தது. வெந்த கையோடு ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். மனை போயிற்று என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று போல அந்தக் கார் அவ்வளவு ஒழுங்காக என்றைக்கும் போனதில்லை.

பேரம்

மறுநாள் முகூர்த்தம் முடிந்ததும் வீராசாமி வடக்குத்துக்கு வந்தார். காரை ஒரு மாட்டு வண்டிக்குப் பின்னால் கட்டிக் கொண்டுவந்திருந்தார். என் கையில் துணி சுற்றியிருந்தது. நான் உள்ளே சுவரோரம் நின்றேன். அஞ்சலைதான் வாசலுக்குப் போனாள்.

"காரு நின்னுடுச்சின்னு கொற சொல்ல வந்தீங்களா?"

"இல்லம்மா. வாங்க வந்தேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஓடாத காருக்கு என்னா வெலை குடுப்பீங்க?"

அவர் ஒரு விலை சொன்னார். மனைக்குக் கொஞ்சம் குறைந்தது. அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

"எஞ்சினுல எம்மாஞ் செலவு பண்ணியிருக்குது தெரியுமா? எங்க கொல்லையே அதுக்குள்ளதான் இருக்குது."

"அதான் வேணாங்கறேன். எஞ்சின கழட்டிட்டுக் குடுங்க. அம்பது ரூபா சேத்துத் தரேன்."

"கழட்டிட்டா?"

"தள்ளுற புள்ளைங்களுக்குப் பாரம் கொறையுமில்ல."

அஞ்சலை திரும்பி என்னைப் பார்த்தாள். முந்திரி மரங்கள் போன இடத்தை விட்டுவிட்டு, நான் ஒரு காசு செலவழிக்காத சீட்டையும் தகரத்தையும் விளக்குகளையும் அவர் விலைக்குக் கேட்கிறார். அதோடு, நான் செலவழித்த பாகம் இல்லாமல் இருந்தால் கூடுதல் விலை. நான் தலையை ஆட்டினேன்.

"நூறு சேத்துக் குடுங்க" என்றாள் அவள். "கழட்டுற கூலி யாரு தருவா?"

எழுபத்தைந்தில் முடிந்தது. மனைக்குச் சரியாக வந்தது.

கேட்கப் பயந்த ஒன்று

எஞ்சினையும் ரேடியேட்டரையும் புது மனைக்குக் கொண்டுபோய் இரண்டு மரக்கட்டை மேல் வைத்தேன். வேறு இடம் இல்லை. நாலு மூலைக்கும் முளை அடித்துக் கயிறு கட்டியிருந்தோம், அவ்வளவுதான். பத்திரம் அஞ்சலையின் பெயரில்.

கார் போன பிறகும் என் காது அடங்கவில்லை. ஒரு நாள் பட்டறையில் ஃபோர்மேன் தனியாக இருந்தபோது போய் நின்றேன். நானாகப் போய் அவரிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை.

"சார், அங்குல மரை போல்ட் ஒண்ணு கெடைக்குங்களா? தண்ணி பம்ப்புக்கு."

அவர் மேஜை டிராயரை இழுத்தார். பழைய இங்கிலீஷ் லாரிகளின் போல்ட்டுகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. மரையைச் சரி செய்யும் 'டேப்' என்ற கருவியையும் எடுத்து வைத்தார்.

"இதுக்காவால அத்தன நாளு முழிச்சிட்டுத் திரிஞ்ச? கேட்டிருந்தா அன்னிக்கே தந்திருப்பேனே."

காசு வாங்கவில்லை. பர்மனென்ட் லிஸ்டில் என் பெயரை எப்போதோ எழுதி அனுப்பிவிட்டதாகவும் அப்போதுதான் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போல்ட்டைப் போட்டேன். விரலாலேயே கடைசி வரை சுலபமாகச் சுற்றியது. ரேடியேட்டரில் வெறும் தண்ணீரை ஊற்றி எஞ்சினைக் கிளப்பினேன். இரண்டு கார்புரேட்டரும் ஒரே மூச்சாக இழுத்தன. பம்ப்பைத் தடவிப் பார்த்தேன். விரலில் ஈரம் இல்லை. அந்த எஞ்சின் அதற்கு முன் ஒரு நாளும் அப்படி ஓடியதில்லை. அடியில் சக்கரம் இல்லை.

சத்தம் கேட்டு அஞ்சலை வந்தாள். அஸ்திவாரத்துக்கு இறக்கியிருந்த செங்கல்லில் நாலைந்தை எடுத்து எனக்கு இடது பக்கத்தில் அடுக்கினாள். புடவையை ஒதுக்கிக்கொண்டு அதன் மேல் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் ஓடுது" என்றாள். பிறகு நேராக முன்னால் பார்த்துக்கொண்டு, "கெளம்பு மாமா, வடலூர் வரைக்கும் போயிட்டு வந்துடலாம்" என்றாள்.

நான் ஆக்ஸிலரேட்டர் கம்பியைக் கையால் இழுத்து வேகத்தைக் கூட்டினேன்.